கதவில் மாட்டிய பிறகே முகவரி: நாவஹோ நிலத்தில் பிளஸ் கோட், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் தேசிய வாக்காளர் பதிவுப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. தெருப் பெயரோ வீட்டு எண்ணோ இல்லாதவர்களுக்காக வைத்தது. அருகில் உள்ள குறுக்குச் சாலைகளின் பெயரை எழுதி, வீடு இருக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். பக்கத்தில் பள்ளியோ தேவாலயமோ கடையோ இருந்தால் அதை ஒரு புள்ளியால் காட்டி, பெயர் எழுத வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தேர்தல் அலுவலர் இந்த வாக்காளர் எந்தத் தொகுதி, எந்த வாக்குச்சாவடி என்று முடிவுசெய்ய வேண்டும்.

நகரத்தில் வளர்ந்தவருக்கு இது அபூர்வமான ஏற்பாடாகத் தோன்றலாம். நாவஹோ நேஷனில் அப்படி இல்லை. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்திருக்கும் அந்தப் பழங்குடி நிலத்தின் பரப்பு சுமார் 71,000 சதுர கிலோமீட்டர். சாலைகளில் பெரும்பாலானவை மண் சாலைகள். வீடுகள் ஒன்றுக்கொன்று தூரத்தில் தனித்தனியாக நிற்கின்றன. கடிதம் வீட்டுக்கு வராது, தொலைவில் உள்ள அஞ்சல் நிலையத்தில் வாடகைக்கு எடுத்த பெட்டிக்குத்தான் வரும். அந்தப் பெட்டி சில சமயம் அடுத்த மாநிலத்தில்கூட இருக்கும்.

இந்த நிலத்தில் யூட்டா மாநிலத்துக்குள் வரும் பகுதியில், சான் ஹுவான் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), வீடுகளுக்கு ஓப்பன் லொகேஷன் கோடை (code), அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கணக்கிடும் ஒரு குறிவரிசையை, முகவரியாகக் கொடுத்த முயற்சியைத்தான் இங்கே ஆராய்கிறேன். மக்கள் பிளஸ் கோட் என்று சொல்வதும் இதைத்தான். டிஜிட்டல் வரைபடத்தில் இந்தக் கோடுகளை எப்படிப் பதிவது என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பாடம் தரும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பின்னணி

சான் ஹுவான் கவுண்டியின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் நாவஹோக்கள். ஆனால் கவுண்டியை ஆளும் மூவர் குழுவில் அவர்களுக்குப் பெரும்பான்மை கிடைக்காதபடிதான் தேர்தல் மாவட்டங்களின் எல்லை நீண்ட காலம் இருந்தது. 2016-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த எல்லைகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்றது. 2017 டிசம்பரில் புதிய எல்லைகளுக்கு உத்தரவு வந்தது. 2018 நவம்பர் தேர்தலில் முதல்முறையாக நாவஹோ உறுப்பினர்கள் குழுவில் பெரும்பான்மை பெற்றார்கள்.

எல்லைகள் மாறியதும் பழைய சிக்கல் ஒன்று பெரிதாக வெடித்தது. வாக்காளர் எங்கே வசிக்கிறார் என்பது சரியாகப் பதிவாகியிருந்தால்தான் புதிய எல்லைக்கு அர்த்தம் உண்டு. ரூரல் யூட்டா புராஜெக்ட் என்ற அமைப்பின் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது, பல நாவஹோ வாக்காளர்கள் தவறான இடத்தில் பதிவாகியிருப்பது தெரியவந்தது.

இடம் எவ்வளவு பெரிய அரசியல் விஷயம் என்பதற்கு அதே 2018-இல் ஒரு சாட்சி. குழு உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட்ட வில்லி கிரேஐஸ் உண்மையில் யூட்டாவில்தான் வசிக்கிறாரா, அரிசோனாவில் வசிக்கிறாரா என்ற கேள்வி எழுப்பப்பட்டு, அவர் பெயர் வாக்குச்சீட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் பெயரைத் திரும்பச் சேர்த்தது. அவர் வென்ற பிறகும் வழக்கு தொடர்ந்தது. 2019 ஜனவரியில் மாநில நீதிமன்றம் அவர் யூட்டாவாசிதான் என்று தீர்ப்பளித்தது. நாவஹோ மவுண்டன் வட்டாரத்தில் உள்ள பயூட் மேசாவில்தான் தன் தொப்புள்கொடி புதைக்கப்பட்டிருக்கிறது, அதுதான் தன் ஊர் என்பது அவர் சொன்ன வாதங்களில் ஒன்று. அந்த வட்டாரம் யூட்டாவில் இருந்தாலும், சாலை வழியே அங்கே போக அரிசோனா வழியாகத்தான் போக வேண்டும். தெருவும் எண்ணும் கொண்ட ஒரு முகவரி இருந்திருந்தால் இந்தக் கேள்வியில் பாதி எழுந்தே இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்த சில ஆண்டுகளில் ரூரல் யூட்டா புராஜெக்ட், கூகுளுடன் சேர்ந்து, அந்தப் பகுதி வீடுகளுக்கு பிளஸ் கோட் கணக்கிட்டு, பலகையில் எழுதி, வீட்டிலேயே மாட்டும் வேலையில் இறங்கியது. வாக்காளர் பதிவுக்காகத் தொடங்கியது என்றாலும் ஆம்புலன்ஸ், பார்சல், காவல்துறை எல்லாவற்றுக்கும் அதே பலகைதான் பயன்படும் என்பது எதிர்பார்ப்பு.

கோட் எப்படி உருவாகிறது

2014-இல் கூகுளின் சூரிக் அலுவலகப் பொறியாளர்கள் இதை உருவாக்கி, அப்பாச்சி உரிமத்தில் மூலநிரலோடு வெளியிட்டார்கள். யாரும் காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கோடைக் கணக்கிடத் தரவுத்தளமும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் நிற்கும் போனில்கூட அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைத்துவிட்டால் கோட் கிடைத்துவிடும். நாவஹோ நிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

மொத்தம் 20 குறிகள்தான்: 2 முதல் 9 வரையான எண்களும் 12 ஆங்கில எழுத்துகளும். ஒன்றையும் சுழியத்தையும் விட்டுவிட்டார்கள், எழுத்தோடு குழப்பும் என்பதால். உயிரெழுத்துகளே கிடையாது. தற்செயலாக ஏதாவது வார்த்தை உருவாகிவிடக் கூடாது என்று 30-க்கும் மேற்பட்ட மொழிகளின் 10,000 சொற்களை வைத்துச் சோதித்து இந்த இருபதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வேலை செய்யும் விதத்தை அதன் ஆவணங்களில் வரும் உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். சூரிக்கில் உள்ள ஓர் இடம்: அட்சரேகை 47.365590, தீர்க்கரேகை 8.524997. அட்சரேகையுடன் 90-ஐயும் தீர்க்கரேகையுடன் 180-ஐயும் கூட்டுங்கள். 137.365590, 188.524997 என்று வரும். இரண்டையும் 20-ஆல் வகுத்தால் முழு எண்கள் 6, 9. குறிகளின் வரிசையைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் ஆறாவது 8, ஒன்பதாவது எஃப். கோடின் முதல் ஜோடி கிடைத்துவிட்டது. மிச்சம் 17.36-உம் 8.52-உம். இப்போது ஒரு டிகிரிக் கட்டம்: 17-க்கு வி, 8-க்கு சி. அடுத்த கட்டம் 0.05 டிகிரி, அதற்கடுத்தது 0.0025, கடைசியாக 0.000125. ஒவ்வொரு படியிலும் கட்டத்தை 20-க்கு 20 ஆகப் பிரித்துக்கொண்டே போகிறோம். முடிவில் 8-எஃப்-வி-சி-9-ஜி-8-எஃப், பிளஸ், 6-எக்ஸ். எட்டாவது குறிக்குப் பிறகு பிளஸ் அடையாளம் எப்போதும் வரும். பார்த்த உடனே இது பிளஸ் கோட் என்று மனிதருக்கும் கணினிக்கும் தெரிவது அதனால்தான்.

பத்து குறி கொண்ட கோட் காட்டுவது ஒரு புள்ளியை அல்ல, ஒரு கட்டத்தை. பூமத்திய ரேகையில் அது 14 மீட்டருக்கு 14 மீட்டர். வடக்கே போகப் போக அகலம் குறையும். யூட்டாவின் தெற்கு ஓரத்தில் அகலம் சுமார் 11 மீட்டர், உயரம் அதே 14. தனித்து நிற்கும் ஒரு வீட்டுக்கு இது தாராளமாகப் போதும். பதினோராவது குறியைச் சேர்த்தால் அந்தக் கட்டம் கிழக்கு மேற்காக 4, வடக்கு தெற்காக 5 என்று மேலும் பிரிந்து, ஏறத்தாழ 3 மீட்டர் அளவுக்கு வந்துவிடும்.

விளிம்பில் நிற்கும் வீடு

அந்த சூரிக் உதாரணத்தின் கடைசிப் படியை இன்னொரு முறை பாருங்கள். தீர்க்கரேகையில் மிச்சம் இருந்தது 0.002497. அதை 0.000125-ஆல் வகுத்தால் 19.976. முழு எண் 19, அதாவது கடைசிக் குறியான எக்ஸ். அந்தப் புள்ளி தன் கட்டத்தின் கிழக்கு விளிம்பை ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். எவ்வளவு ஒட்டி? 0.000003 டிகிரி. அந்த அட்சரேகையில் இருபது சொச்சம் சென்டிமீட்டர், ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாண் கிழக்கே நகர்ந்தால் கடைசிக் குறி மட்டும் மாறும் என்றுதானே நினைப்போம்? இல்லை. வரிசை முடிந்துவிட்டதால் கணக்கு முந்தைய ஜோடிக்கு ஏறும். 8-எஃப் பிளஸ் 6-எக்ஸ் என்று முடிந்தது 8-ஜி பிளஸ் 6-2 என்று ஆகிவிடும். பிளஸ்ஸுக்கு முன்னாலும் ஒரு குறி மாறுகிறது, பின்னாலும் மாறுகிறது. கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கோடாகத் தெரியவே தெரியாது.

நிலமும் சும்மா இருப்பதில்லை. உலக அளவிலான ஆயத்தொலைவு முறையில் பார்த்தால் சூரிக் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் கிழக்கே நகர்கிறது. கறாராகக் கணக்குப் போட்டால் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் அந்த இடத்தின் கோடே மாறிவிடும். நடைமுறையில் இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் உள்ள ஜிபிஎஸ்ஸே சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஆனால் அந்தச் சில மீட்டர்தான் கவலைப்பட வேண்டிய விஷயம். களப்பணியாளர் வாசலில் நின்று எடுத்த கோடும், செயற்கைக்கோள் படத்தில் கூரையின் நடுவில் வைத்து எடுத்த கோடும் ஒரே வீட்டுக்கு இரண்டு வெவ்வேறு கோடுகளாக வருவது சர்வ சாதாரணம். பெரிய வீடு, பக்கத்திலேயே கொட்டகை, ஆட்டுப்பட்டி என்றால் நான்கைந்து கட்டங்கள்கூட அந்த ஒரே குடியிருப்பில் அடங்கும்.

வண்டி ஓட்டிக்கொண்டு வருபவருக்கு இதனால் நஷ்டமில்லை. எந்தக் கோடைப் போட்டாலும் வீட்டு முன்னால்தான் வந்து நிற்பார். ஆவணங்களை ஒப்பிடுபவருக்குத்தான் நஷ்டம். வாக்காளர் பட்டியலில் ஒரு கோட், ஆம்புலன்ஸ் பட்டியலில் பக்கத்துக் கட்டத்தின் கோட் என்று இருந்து, மென்பொருள் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று சொல்லிவிடும். ஆகவே பிளஸ் கோடுகளை எழுத்துச் சரங்களாக ஒப்பிடவே கூடாது. இரண்டையும் ஆயத்தொலைவாக மாற்றி, இடையே எத்தனை மீட்டர் என்றுதான் பார்க்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சுருக்கக் கோடும் ஊர்ப் பெயரும்

பத்துக் குறியை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது என்பதால், முதல் நான்கை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்ல வழி இருக்கிறது. விட்டுப்போன நான்கு குறிகளை, அந்த ஊருக்கு மிக அருகில் வரும் கட்டம் எது என்று பார்த்து மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். நெருக்கமான ஊர்கள் உள்ள இடத்தில் இது அழகாக வேலை செய்யும். சான் ஹுவான் கவுண்டியில் கவனம் தேவை.

முதல் நான்கு குறிகள் குறிப்பது ஒரு டிகிரிக் கட்டத்தை. கொடுக்கும் பெயரின் மையப்புள்ளி வீட்டிலிருந்து எந்தத் திசையிலும் அரை டிகிரிக்குள் இருந்தால்தான் சரியான கட்டம் கிடைக்கும். இந்த அட்சரேகையில் அது வடக்கு தெற்காக 55 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 44 கிலோமீட்டர். கவுண்டியோ 20,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரியது. நாவஹோ மவுண்டன் அருகில் ஒரு வீட்டின் சுருக்கக் கோடுடன் கவுண்டியின் பெயரைச் சேர்த்துத் தேடினால், கவுண்டியின் மையம் ஏறத்தாழ ஒரு டிகிரி கிழக்கே இருப்பதால், தேடல் குறைந்தது 89 கிலோமீட்டர் தள்ளி எங்கோ ஒரு பாறைமேட்டில் போய் நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரைபடம் நம்பிக்கையோடு தவறான இடத்தைக் காட்டும். ஆம்புலன்ஸ் விஷயத்தில் இதன் விலை என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஊர்ப் பெயரின் மையப்புள்ளியை ஒவ்வொரு வரைபடமும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருப்பது வேறு ஒரு தொல்லை. இந்த மாதிரி விரிந்த நிலத்தில் பலகையில் முழுக் கோடுதான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முழுக் கோடு இங்கே இன்னொரு நன்மையும் தருகிறது. யூட்டாவுக்கும் அரிசோனாவுக்கும் இடையிலான எல்லை கிட்டத்தட்ட 37 டிகிரி அட்சரேகையிலேயே ஓடுகிறது. ஒரு டிகிரிக் கட்டங்களின் விளிம்பும் அங்கேதான். அதனால் நாவஹோ மவுண்டன் பக்கத்தில் 8-5-9-எஃப் என்று தொடங்கினால் யூட்டா, 8-5-8-எஃப் என்று தொடங்கினால் அரிசோனா. எல்லையை அளந்து நட்டபோது ஏற்பட்ட சிறு விலகல்களைத் தவிர்த்தால், மூன்றாவது குறியே மாநிலத்தைச் சொல்லிவிடும். சுருக்கக் கோடில் முதலில் காணாமல் போவது அந்தக் குறிதான். எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்று ஒரு வேட்பாளர் மாதக்கணக்கில் நீதிமன்றம் ஏறிய பகுதி இது என்பதை மறக்கக் கூடாது.

வரைபடத்தில் எதை எழுதுவது

இனி நான் உண்மையில் வாதிட வந்த விஷயம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற, யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடத்தில் இந்தக் கோடுகளை முகவரியாகச் சேர்க்கலாமா? அடிக்கடி எழும் கேள்வி இது. முகவரி இல்லாத பகுதிகளை வரைபவர்களில் பலர், கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நிரலை ஓட்டிக் கோட் கணக்கிட்டு, வீட்டு எண் டேகிலோ (டேக் என்பது ஓர் இடத்தின் விவரத்தை எழுதும் குறிப்பு) முகவரி டேகிலோ மொத்தமாக ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனாலும் அப்படிச் செய்யக் கூடாது.

காரணம் எளிது. அந்த வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயத்தொலைவு ஏழு தசம இடம் வரை ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து எந்த நேரத்திலும் கோடைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஓஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் அதைத்தான் செய்கின்றன, தரவுத்தளத்தில் ஒரு கோடுகூட இல்லாமல். கணக்கிட்டு வருவதைச் சேமித்து வைத்தால் ஒரே உண்மையின் இரண்டு பிரதிகள் ஆகிவிடும். நாளைக்கு ஒருவர் செயற்கைக்கோள் படம் ஐந்து மீட்டர் விலகியிருந்ததைக் கண்டுபிடித்து, கட்டடங்களை எல்லாம் சரியான இடத்துக்கு நகர்த்துவார். ஆயத்தொலைவு மாறும், டேகில் இருக்கும் கோட் மாறாது. அப்புறம் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டு எண் டேகில் கோடைப் போட்டால் இன்னும் மோசம். அங்கே உண்மையாகவே யாரோ ஒட்டிய எண் என்று நம்பி மற்ற மென்பொருள்கள் அதை எடுத்துக்கொள்ளும்.

சரி, அப்படியென்றால் நாவஹோ வீடுகளின் கோடுகளையும் சேர்க்கக் கூடாதா? சேர்க்க வேண்டும், கட்டாயம் சேர்க்க வேண்டும். அங்கே கோட் வெறும் கணக்கு இல்லை. ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், அங்கு வசிப்பவரிடம் பேசி, பலகையை மாட்டியிருக்கிறார். குடும்பம் அதைத் தன் முகவரி என்று சொல்கிறது. களத்தில் போய்ப் பார்க்கிற யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். களத்தில் இருப்பதை எழுது என்பதுதானே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை விதி. பலகையில் உள்ள கோடும் கட்டடத்தின் மையத்திலிருந்து கணக்கிடும் கோடும் வேறுபட்டாலும் பலகையில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். அதைத் 'திருத்துவது' பிழை. வீட்டுக்காரர் போனில் சொல்லப்போவது பலகையில் இருப்பதைத்தான்.

என் நிலைப்பாடு இதுதான். கோட் என்பது ஓர் இடம், அதைக் கணினி எப்போது வேண்டுமானாலும் தரும். முகவரி என்பது ஓர் உடன்பாடு. அதில் குடியிருப்பவரும், அஞ்சல்காரரும், தேர்தல் அலுவலரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். சான் ஹுவானில் கணக்கிடும் வேலை நொடியில் முடிந்திருக்கும். மண் சாலையில் வண்டி ஓட்டிப்போய், நாய்களைச் சமாளித்து, எதற்கு இந்தப் பலகை என்று விளக்கி மாட்டியதுதான் உழைப்பு. வரைபடத்தில் பதிய வேண்டியது அந்த உழைப்பின் பலனை.

அயர்லாந்து 2015-இல் கொண்டுவந்த அயர்கோட் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. அங்கே ஒவ்வொரு முகவரிக்கும், அடுக்குமாடியில் ஒவ்வொரு குடியிருப்புக்கும், தனித்தனி ஏழு குறிக் கோட். பக்கத்து வீடுகளின் கோடுகள் வரிசையாக இருக்காது. ஆயத்தொலைவிலிருந்து கணக்கிடவே முடியாது, தரவுத்தளம் வேண்டும். உடன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இடத்தை விட்டுவிட்ட முறை அது. பிளஸ் கோடில் இடம் மட்டும் இருக்கிறது, அதனால் மாடிகளை அதற்குத் தெரியாது. பத்து மாடிக் கட்டடத்தில் மேல்மாடிக்கும் தரைத்தளத்துக்கும் ஒரே கோட். கொல்கத்தாவின் சேரிப் பகுதிகளில் அட்ரசிங் தி அன்அட்ரஸ்டு என்ற தொண்டு அமைப்பு பிளஸ் கோடைப் பயன்படுத்தியது. அந்த மாதிரி நெருக்கத்தில் 14 மீட்டர் கட்டம் ஒன்றில் பல குடும்பங்கள் அடங்கிவிடும். பதினோராவது குறி வேண்டும், அதற்கு மேல் கதவு எண்ணும் வேண்டும்.

இன்னும் தீராதவை

கோட் எங்கே என்று சொல்லும், எப்படிப் போவது என்று சொல்லாது. மேசா எனப்படும் தட்டை உச்சிக் குன்றுகளும் வறண்ட ஓடைகளும் நிறைந்த நிலத்தில், நேர்கோட்டில் மிக அருகே தெரியும் சாலை ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும். வழிகாட்டும் செயலியோ கோடுக்கு அருகில் உள்ள சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லும். அந்த வீட்டுக்குப் போகும் தடம் வரைபடத்தில் இருந்தால்தான் சரியான பக்கத்திலிருந்து அழைத்துப் போக முடியும். அதனால் பலகைக் கோடைப் பதிபவர் பிரதான சாலையிலிருந்து வீட்டு வாசல் வரையுள்ள தடத்தையும் சேர்த்து வரைய வேண்டும். என்னைக் கேட்டால் கோடைவிட இதுவே முதல் வேலை. மழைக்காலத்தில் அந்தத் தடம் போக்குவரத்துக்குத் தாங்குமா என்ற குறிப்பும் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தரங்கம் பற்றியும் யோசிக்க வேண்டும். பலகைக் கோடைக் குடும்பப் பெயரோடு சேர்த்து எங்கும் பதியக் கூடாது. கோட் மட்டும் போதும்.

கடைசியாக, நாவஹோ நிலத்தில் நிறையக் குடும்பங்கள் சக்கரம் வைத்து இழுத்துச் செல்லக்கூடிய வீடுகளில் வசிக்கின்றன. வீட்டை இழுத்து வேறு இடத்தில் வைத்தால் பலகையும் கூடவே போய்விடும். பலகையில் உள்ள கோட் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். தெரு எண்ணாக இருந்தால் புதிய தெருவில் அது பொருந்தாது என்று பார்த்தவுடன் தெரியும். இது பார்க்க எப்போதும் போலவே இருக்கும். பலகைக் கோடை வரைபடத்தில் சேர்க்கும்போது அதைக் கண்ணால் பார்த்த தேதியையும் கூடவே பதிய வேண்டும். பதிந்த கோடும் கட்டடத்தின் இப்போதைய இடமும் ஐம்பது மீட்டருக்கு மேல் விலகினால் எச்சரிக்கும் சோதனை ஒன்றையும் எழுதி வைக்க வேண்டும். எச்சரிக்கை வந்த வீட்டில் டேகை மாற்றினால் மட்டும் போதாது, அங்கே போய்ப் புதுப் பலகையும் மாட்ட வேண்டும். வாக்காளர் பட்டியலில் அந்தக் குடும்பத்தின் இடத்தையும் அன்றைக்கே மாற்ற வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய தொகுதியும் மாறியிருக்கலாம்.